பூட்டிய வீட்டிலிருந்து ஒரு வாசகி

லிங்கராஜபுரம், பெங்களூர்
14 மார்ச் 1993

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மார்ச் மாத நாவலை நேற்று படித்து முடித்தேன். ஒரு வாசகி எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இதற்கு முன் எந்த எழுத்தாளருக்கும் நான் எழுதியதில்லை.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் வரியிலேயே ரயில் கூரைமேல் ஒருவன் ஓடுகிறான். சிலர் மேகம், மழை, மலைச்சரிவு எல்லாம் சொல்லிவிட்டு எட்டாம் பக்கத்தில்தான் கொலைக்கே வருகிறார்கள். அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் படிக்கிறவளுக்கு அது ஒத்துவராது. உங்கள் துருவன் குதிப்பதற்கு முன் அவனுக்குத் தொண்டை வறண்டது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில்தான் அவன்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. பயப்படாத ஆளுக்காக நாம் ஏன் பயப்பட வேண்டும்?

இனி குறை. துருவன் தோளில் குண்டு பாய்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அதே தோளால் கதவை இடித்துத் திறக்கிறான். போன வருஷம் எனக்கு மணிக்கட்டில் அடிபட்டு, ஒரு சொம்பைத் தூக்கவே வாரக்கணக்கில் ஆனது. அப்புறம் அந்த வில்லன். துப்பாக்கியை நெற்றியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்குத் தன் திட்டத்தை விளக்குகிறான். அதற்குள் என் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

எல்லாவற்றையும்விட வருத்தம் அந்த நந்தினியால்தான். பாழடைந்த பங்களாவில் அவளைக் கட்டிப்போடுகிறார்கள். அத்தியாயம் முழுக்க "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துகிறாள். அவள் மனதில் வேறு எதுவுமே ஓடாதா, சார்?

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். பதில் எழுதுவதானால் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் பெயருக்கு அனுப்புங்கள். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குத் தபால் சரியாக வந்து சேர்வதில்லை.

இப்படிக்கு,
பிரபா

---

மல்லேஸ்வரம், பெங்களூர்
2 ஏப்ரல் 1993

அன்புள்ள சகோதரி பிரபாவுக்கு,

ஆசிகள். சென்னையிலிருந்து பதிப்பாளர் உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒரே ஊரில் இருந்துகொண்டு நம் கடிதம் சென்னையைச் சுற்றி வந்திருக்கிறது!

பாராட்டிக் கடிதங்கள் வரும், திட்டியும் வரும். பருப்பு அடிப்பிடித்த கடிதம் இதுதான் முதல். என் மனைவி பாகீரதிக்குப் படித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் சரி" என்றாள். அவள் என் நாவல்களைப் படிப்பதை நிறுத்தி வருஷம் பல ஆகிறது.

என் பக்கத்தையும் கேளுங்கள். சண்டை குறைந்தால் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் போஸ்ட் கார்டிலேயே என் பரம்பரையை இழுக்கிறார். ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் வண்டி நேரங்களைச் சரிபார்த்து அனுப்புகிறார். வில்லன் பேசாவிட்டால் கதை புரியவில்லை என்கிறார்கள். பேசினால் நீங்கள் பருப்பைக் காட்டுகிறீர்கள். நான் என்ன செய்வேன்?

நான் அரசாங்க ஆபீசில் சூபரின்டென்டென்ட். சுவரிலிருந்து பல்லி விழுந்தால் பாகீரதியைக் கூப்பிடுகிற ஆள். துப்பாக்கியைத் தொட்டது கிடையாது. அதனால்தான் உங்களைப் போன்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. அடுத்து ஒரு பெண்ணை அடைத்து வைக்கிற கதை எழுதப் போகிறேன். அவள் மனதில் என்ன ஓடும் என்று கேட்டீர்களே, நீங்களே சொல்லுங்களேன். கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்ரீகண்டன்

---

லிங்கராஜபுரம்
9 மே 1993

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தை ரத்தினம்மாள் சமையலறை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நாலு தடவை படித்துவிட்டு அவரிடமே பத்திரமாக வைக்கச் சொன்னேன். நீங்கள் கேட்டதை யோசித்து எழுதுகிறேன். கற்பனைதான்.

கயிறு வேண்டாம், சார். பாழடைந்த பங்களாவும் வேண்டாம். நல்ல வீடாகவே இருக்கட்டும். குழாயில் தண்ணீர் வருகிறது, ரேடியோ பாடுகிறது. கணவன் கெட்டவன் இல்லை. சிரித்து மிரட்ட மாட்டான். வேலை முடிந்து வரும்போது பூ வாங்கி வருவான், மாதம் பிறந்தால் அவளுக்குப் படிக்க நாவல் வாங்கி வருவான்.

அது எப்படி ஆரம்பித்தது என்று வாசகர் கேட்பார். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிசம்பரில் ஊரில் காவிரிக் கலவரம். தமிழ்க்காரர் வீடுகளைத் தேடி வருகிறார்கள் என்று பேச்சு. கணவன் வீட்டை வெளியே பூட்டிவிட்டு, பின்ஜன்னல் வழியாக உள்ளே ஏறிக் குதிக்கிறான். பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று போய்விடுவார்கள் அல்லவா? இரண்டு பேரும் விளக்கைப் போடாமல் தரையில் படுத்திருக்கிறார்கள். தெருவில் கூட்டம் போகும்போது அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மூடுகிறான். அந்தக் கை நடுங்குகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

கலவரம் அடங்குகிறது. பின்ஜன்னலுக்குக் கம்பி போடுகிறான். பூட்டை மட்டும் எடுக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுகிறான், சாயந்திரம் வந்து திறக்கிறான். "ஊரு கெட்டுக் கெடக்கு, நீ உள்ளயே இரு" என்கிறான். ஒரு மாதம், இரண்டு மாதம். பிறகு காரணம் சொல்வதும் நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். தெருவில் கேட்டால், "அவளுக்கு வலிப்பு வரும், எங்கயாவது விழுந்துடுவா" என்பான். பாவம், எவ்வளவு அக்கறை என்பார்கள். ஆம்பூரில் இருக்கிற அவள் அண்ணனும், "பத்திரமாத்தானே வச்சிருக்காரு" என்றுதான் எழுதுகிறான்.

அவள் ஏன் கத்தவில்லை என்று கேட்பீர்கள். கத்தி என்ன சொல்வாள்? "என் வீட்டுக்காரர் என்னைப் பத்திரமாக வைத்திருக்கிறார், காப்பாற்றுங்கள்" என்றா?

ஒருமுறை சாவி கேட்டாள். அவன் அடிக்கவில்லை. கையைப் பிடித்தான், அவ்வளவுதான். பிடித்ததை விடத்தான் நேரமாயிற்று.

ஒரு நாள் பின்சந்தில் யார் வீட்டிலோ ஸ்டவ் வெடித்துப் புகை வந்தது. அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக் கதவோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தீ வந்தால் கதவை நனைக்கலாம் என்று தோன்றியது. கதவைத் திறக்கலாம் என்று தோன்றவே இல்லை. புகை அடங்கின பிறகுதான் அதை நினைத்து அவளுக்குப் பயம் வந்தது.

இதில் எது உங்களுக்குப் பயன்படுமோ தெரியாது. துப்பாக்கி இல்லாததற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பிரபா

---

மல்லேஸ்வரம்
10 ஆகஸ்ட் 1993

அன்புள்ள பிரபாவுக்கு,

ஆசிகள். இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷமாக எழுதுகிறேன், பேனா இப்படி ஓடினதில்லை. நாவல் முடிந்து சென்னைக்கும் போய்விட்டது. செப்டம்பர் முதல் தேதி கடைக்கு வருகிறது!

கலவரம், வெளிப்பூட்டு, வலிப்பு என்ற பொய், வாளித் தண்ணீர், எல்லாம் நீங்கள் சொன்னபடியே. ஊரைக்கூட மாற்றவில்லை, பெங்களூர் என்றே இருக்கிறது. கடைசியில் துருவன் வந்து கதவை உடைக்கிறான். அதற்கு மட்டும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயம்புத்தூர்க்காரர் மன்னிக்க மாட்டார். பதிப்பாளர் டிரங்க் காலில் பேசினார். "சார், படிக்கப் படிக்க மூச்சு முட்டுது" என்றார். அந்த மூச்சுமுட்டல் உங்களுடையது. உங்களுக்கு முதல் பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். பாகீரதி கையெழுத்துப் பிரதியைப் படித்தாள். பிறகு, "யார் இவ?" என்றாள். கற்பனை என்றேன். "கை நடுங்கினதை யாரும் கற்பனை பண்ண மாட்டா. அவளுக்கு எழுதிக் கேளுங்கோ" என்கிறாள். அவள் மனநிம்மதிக்காகக் கேட்கிறேன். கற்பனைதானே?

அன்புடன்,
ஸ்ரீகண்டன்

---

லிங்கராஜபுரம்
14 ஆகஸ்ட் 1993

சார்,

அவசரமாக எழுதுகிறேன். அந்தப் பெண் நான்தான். எப்படியாவது நாவலை நிறுத்துங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மாதா மாதம் உங்கள் நாவலை வாங்கி வருகிறவர் என் வீட்டுக்காரர்தான். பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். துருவன் என்றால் அவருக்கு உயிர். ரயில் சண்டையை என்னிடம் நடித்துக் காட்டுவார். உங்களுக்கு எழுதியது யார், கடிதம் எந்த வழியாகப் போயிற்று என்று கண்டுபிடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகாது. ரத்தினம்மாளுக்கும் தொந்தரவு வரும்.

உங்களிடம் சொன்னது என் தப்புதான். ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கதையாகச் சொன்னால் ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

பிரபா

---

மல்லேஸ்வரம்
24 ஆகஸ்ட் 1993

அன்புள்ள பிரபாவுக்கு,

சென்னைக்கு மூன்று முறை டிரங்க் கால் போட்டேன். அச்சாகி, கட்டுக் கட்டி, ஏஜென்டுகளுக்கு அனுப்பியாயிற்றாம். "என்ன சார், நல்லாத்தானே வந்திருக்கு, இப்போ எதுக்கு நிறுத்தணும்?" என்கிறார். காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவுக்கு வந்தேன். ஸ்கூட்டரைக் கோவிந்தப்பா கடை எதிரில் நிறுத்திவிட்டு உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்து உங்கள் கணவர் வெளியே வந்தார். நல்ல உயரம். என்னைப் பார்த்து, "யாரு வேணும் சார்?" என்றார், மரியாதையாகத்தான். சர்ச்சுக்கு வழி கேட்டேன். அவர் முனை வரைக்கும் வந்து வழி காட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. பாகீரதி பேனாவைக் கேட்கிறாள்.

அம்மா பிரபா, நான் பாகீரதி. இவருக்கு எழுதத்தான் தெரியும். அதனால் நான் வருகிறேன். சனிக்கிழமை சாயந்திரம் உன் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ரத்தினம்மாள் வீட்டு வாசலில் இருப்பேன். உன்னைக் கூப்பிட மாட்டேன், கதவைத் தட்டவும் மாட்டேன். உனக்கு வர வேண்டும் என்றிருந்தால் வா, எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. இல்லையென்றால் ரத்தினம்மாள் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறேன். அடுத்த சனிக்கிழமையும் வருவேன். அதற்கடுத்ததும் வருவேன்.

ஸ்ரீகண்டன்
பாகீரதி

---

மல்லேஸ்வரம்
20 ஜனவரி 1994

அன்புள்ள பிரபாவுக்கு,

ஆசிகள். பொம்மனஹள்ளி ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கார்மென்ட்ஸில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை என்று பாகீரதி சொன்னாள். நீ எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். தீபாவளிக்குக்கூட இல்லாமல் கிளம்பிப் போனது இரண்டு பேருக்கும் மனக்குறைதான். கூட இருந்தவள் என்ற உரிமையில் ஒருமையில் எழுதுகிறேன்.

செப்டம்பர் நாவல் மூன்று முறை அச்சாகிவிட்டது. கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. முதன்முறையாகப் பெண்கள் எழுதுகிறார்கள். துருவனைப் பற்றி ஒரு வரி இல்லை. "அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்?" இது ஒன்றைத்தான் கேட்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரரும் அதையே கேட்டிருக்கிறார்!

பதிப்பாளர் இரண்டாம் பாகம் வேண்டும் என்று விடாமல் பிடிக்கிறார். உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன், அந்தப் பாடம் படித்துவிட்டேன். நீ வந்த அன்றைக்கு நான் தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. வாசலில் என்ன நடந்தது? பாகீரதியைக் கேட்டால், "வந்தா, கூட்டிண்டு வந்தேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறாள். நீ சொன்னால் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். கதவை யாரும் உடைக்க மாட்டார்கள், வாக்குக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஸ்ரீகண்டன்

---

13 பிப்ரவரி 1994

அன்புள்ள சார்,

நமஸ்காரம். நான் சௌக்கியம். கால் வலிக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது.

வாசலில் நடந்ததைக் கேட்டீர்கள். ஒரு தடவை சொல்கிறேன். நீங்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

முதல் சனிக்கிழமை நான் வரவில்லை. அவர் கதவைத் திறந்தார், நிலைப்படியில் நின்றேன், பக்கத்து வாசலில் பாகீரதி அக்கா டம்ளரோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. "என்ன பாக்கறே?" என்றார். ஒன்றுமில்லை என்று உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டேன்.

முதல் தேதி உங்கள் நாவலோடு வந்தார். முகம் கழுவவில்லை, சட்டை மாற்றவில்லை. புத்தகத்தை என் மடியில் வைத்து, "இந்தப் பொண்ணு உன்ன மாதிரியே இருக்கா, இல்ல?" என்றார். சாப்பாடு ஆன பிறகு, "அவன் இவ்ளோ கெட்டவனா?" என்று கேட்டார். சார், அந்தக் கேள்வியை அவர் நிஜமாகவே கேட்டார். அவர் கண்ணைப் பார்த்து நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் வேலைக்குப் போவதற்கு முன் சமையலறை ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தார். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தேன். ரத்தினம்மாள் குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். நான் அவரைத் தாண்டி வெளியே போனேன். அவ்வளவுதான். புடவை மாற்றவில்லை, பையில் துணி எடுத்து வைக்கவில்லை. தினமும் திறந்த கதவுதான் அது.

படி இறங்குவதற்குள் என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "எங்க போறே? உள்ள வா" என்றார், மெதுவாக. "கைய விடுங்க" என்றேன். அது தெருவுக்கே கேட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. கோவிந்தப்பா கடையை விட்டு இறங்கி, "ஏனாயிதம்மா, என்ன ஆச்சு?" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல சார், அவளுக்கு வலிப்பு வர்ற நேரம்" என்றார்.

அப்போது ரத்தினம்மாள் சொன்னார்: "அவளுக்கு வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு வருசமா பக்கத்துலயே இருக்கேன், எனக்குத் தெரியாதா?" அதை ஏன் அதுவரை சொல்லவில்லை என்று நான் அவரைக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

அக்கா குடையை மடக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்கள். என்னைத் தொடவில்லை. "எங்காத்துக்கு வரா" என்று மட்டும் சொன்னார்கள். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். தெருவில் அவரை யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை, விட்டுவிட்டார். படியில் உட்கார்ந்து அழுதார். "உனக்கு எதுனா ஆயிடுமோன்னுதானே பூட்டினேன்" என்றார். அந்த அழுகை பொய் இல்லை. நான் திரும்பி இரண்டு அடி அவர் பக்கம் நடந்தேன். ஏன் நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. நின்றேன், அவ்வளவுதான். பிறகு அக்காவோடு வந்துவிட்டேன்.

இதை உங்கள் வாசகர்களுக்குப் பிடிக்காது. யாரும் ஓடவில்லை, யாருக்கும் அடி விழவில்லை. வில்லன் அழுகிறான். எனக்கே, படிக்கிறவளாக இருந்தால், பிடித்திருக்காது. ஹாஸ்டலில் உங்கள் செப்டம்பர் நாவலை ஒரு பெண் சத்தமாகப் படித்தாள். துருவன் வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டாம் பாகம் எழுத வேண்டாம், சார்.

உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா எனக்கு வெளிச்சாவி ஒன்று கொடுத்தார்கள், எங்கே போகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்களும் என்னை நல்லபடியாகத்தான் நடத்தினீர்கள். ஆனால் காலையில் காப்பி குடிக்கும்போது, நான் சாவி கேட்ட நாளைப் பற்றி, "அவர் அப்போ என்ன சொன்னார்? நீ எந்தப் பக்கம் நின்னே? கை வலிச்சுதா?" என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் முகம் மலரும். நல்ல மனிதர் என்று தெரிந்தும், அந்த நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும் போல இருக்கும். எழுந்தால் மரியாதை இல்லையே என்று உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஒரு நாள் அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தீபாவளிக்கு முன்னாலேயே போகிறாயே என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். காரணம் இதுதான்.

உங்கள் நாவலால் எனக்குக் கெட்டதும் நடந்தது, நல்லதும் நடந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு இப்போது நேரமில்லை. என்ன ஆனாள் என்று கேட்கிற பெண்களுக்கு, நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி பதில் போடுங்கள். அதற்குமேல் அவர்களுக்கு வேண்டாம்.

நாளையோடு பொம்மனஹள்ளி ஹாஸ்டலைக் காலி செய்கிறேன். கூட வேலை செய்கிற நோராவும் நானும் சேர்ந்து வேறு இடத்தில் வீடு பார்த்திருக்கிறோம். புது விலாசம் அக்காவிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டால் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். என்மேல் வருத்தப்படாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரபா